நாவலின் முதல் அத்தியாயங்கள்: தொய்வைக் கண்டுபிடிப்பது, ஓட்டத்தைச் சரிசெய்வது

முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்த நண்பர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் மெதுவாப் போகுது" என்று சொன்னவுடன் நம்மில் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். முதல் பக்கத்தில் ஒரு கொலையையோ விபத்தையோ கொண்டுவந்து வைக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். விபத்து வந்தது, தொய்வு அப்படியே இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவர்மேல் லாரி ஏறினால் வாசகருக்கு அது நாளிதழில் நாலு வரிச் செய்தி மாதிரிதான்.

நிகழ்ச்சிகள் குறைவதால் தொய்வு வருவதில்லை. வாசகர் மனத்தில் கேள்விகள் தீர்ந்துபோகும்போது வருகிறது. ஒருவர் வீட்டைப் பூட்டுவதை இரண்டு பக்கம் எழுதலாம், அவர் அந்த வீட்டுக்குத் திரும்பப்போவதில்லை என்று வாசகருக்குத் தெரிந்திருந்தால். தெரியாவிட்டால் இரண்டு வரிகூட அதிகம். கீழே வரும் படிகள் எல்லாமே, வாசகர் கையில் எந்த நேரத்தில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்ற கணக்கைப் பார்ப்பதற்கான வழிகள்தான்.

உதாரணத்துக்கு, நான் எழுதி முடித்து இன்னும் அச்சுக்குக் கொடுக்காத ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறேன். நடேசன் ஓய்வுபெற்ற பொறியாளர். ஒருகாலத்தில் அவர் கையெழுத்துப் போட்டுத் திறந்த பாலத்தில் விரிசல் விழுகிறது. அவர் மகள் தினமும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள்.

1. முதலில் கடைசிவரை எழுதுங்கள்

முதல் அத்தியாயத்தை ஏழு முறை திருத்திவிட்டு எட்டாவது அத்தியாயத்தைத் தொடாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். கதை எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல், எந்தக் கேள்வியைத் தொடக்கத்தில் விதைப்பது என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே முதல் வரைவில் தொடக்கம் மோசமாக இருந்தால் இருக்கட்டும்.

2. கணக்கெடுங்கள்

பிரதி முடிந்து சில வாரங்கள் ஆறப்போட்ட பிறகு, ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். அத்தியாயத்தின் சொற்கள், அதில் கடக்கும் கதைக்காலம், புதிதாக வரும் பெயர்கள், புதிதாக எழும் கேள்விகள், பதில் கிடைத்துவிட்ட கேள்விகள். முதல் ஐந்து அத்தியாயங்களுக்கு மட்டும் போதும்.

என் பிரதியில் இப்படி வந்தது. முதல் அத்தியாயம் 3,200 சொற்கள், ஒரு காலைப்பொழுது, 9 பெயர்கள், ஒரு கேள்வி. இரண்டாவது 4,100 சொற்கள், நடேசனின் முப்பத்தொரு ஆண்டுப் பணிக்காலம், 11 பெயர்கள், கேள்வி ஒன்றும் இல்லை. மூன்றாவது 2,700 சொற்கள், ஒரு மாலை, மூன்று கேள்விகள். தொய்வு எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது அத்தியாயம் 4,100 சொற்களுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி என்றால் மர்மம் என்று நினைத்துவிட வேண்டாம். 'இவள் அவனிடம் சொல்வாளா' என்பதும் கேள்விதான். 'இவ்வளவு அமைதியாகப் பேசுகிறவர் ஏன் கையை மறைத்துக்கொண்டே இருக்கிறார்' என்பதும் கேள்விதான். குடும்ப நாவலோ காதல் கதையோ எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு 'என் நாவல் அந்த மாதிரி இல்லை' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எந்த மாதிரி நாவலானாலும் வாசகர் பக்கத்தைத் திருப்பித்தான் ஆகவேண்டும்.

3. கதை உண்மையில் எங்கே தொடங்குகிறது?

இலியட் பத்து ஆண்டுப் போரைப் பாடும் பழைய கிரேக்கக் காவியம் என்று பெயர். ஆனால் அது தொடங்குவது போரின் பத்தாம் ஆண்டில், தங்கள் அணிக்குள்ளேயே இருவர் சண்டையிட்டுக்கொள்ளும் இடத்தில். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் இதைப் பாராட்டி எழுதிய பிறகு 'கதையின் நடுவில் தொடங்கு' என்பது பாடமாகிவிட்டது. இந்தப் பாடத்தைப் பாதியோடு கேட்டவர்கள், துப்பாக்கிச் சத்தத்தின் நடுவில் நாவலைத் தொடங்குகிறார்கள். இலியட் அப்படிச் செய்யவில்லை. சண்டைக்குக் காரணம் என்ன, யார் யாரிடமிருந்து எதைப் பறித்தார் என்பதெல்லாம் உடனே சொல்லப்பட்டுவிடுகிறது. விடப்பட்டது ஒன்பது ஆண்டு முன்கதை மட்டும்தான்.

இன்னொரு உதாரணம் 1926இல் வெளியான, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' நாவல். புத்தகம் அச்சுக்குப் போகும் கட்டத்தில் அவருடைய நண்பரும் நாவலாசிரியருமான ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் படித்துவிட்டு, தொடக்கம் சரியில்லை என்று நீளமாகக் கடிதம் எழுதினார். பாத்திரங்களின் முன்கதை நிறைந்த தொடக்கப் பக்கங்களை ஹெமிங்வே அடியோடு நீக்கினார். வேடிக்கை என்னவென்றால், மிஞ்சிய புத்தகமும் ஒரு பாத்திரத்தின் கல்லூரிக்கால முன்கதையோடுதான் தொடங்குகிறது. ஆகவே முன்கதை என்றாலே பாவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதரைப் பற்றிய உரசலோடு, கொஞ்சம் குத்தலோடு சொல்லப்படும் முன்கதை தானே ஒரு கேள்வியை எழுப்பிவிடும். விவரப்பட்டியலாகச் சொன்னால்தான் படுத்துவிடும்.

உங்கள் பிரதியில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் புரியாமல் போனவை எவை என்று மட்டும் கேளுங்கள். நாலைந்து விஷயங்கள்தான் என்றால் அந்த அத்தியாயம் வேண்டியதில்லை; அந்த நாலைந்தையும் வேறிடத்தில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

4. நான்கு வேகங்கள்

கதை சொல்லும் நேரத்துக்கும் கதைக்குள் கடக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை, 1972இல் ஜெரார் ஜெனெத் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நான்காக வகுத்தார். கோட்பாடு பிடிக்காதவர்களுக்கும் இது உதவும் என்பதால் சொல்கிறேன்.

காட்சி: பேச்சும் செயலும் நடக்கும் வேகத்திலேயே ஓடுவது. சுருக்கம்: மூன்று ஆண்டுகளை மூன்று வரியில் சொல்வது. நிறுத்தம்: கதைக்கடிகாரத்தை நிறுத்திவிட்டு அறையையோ முகத்தையோ வர்ணிப்பது. தாவல்: இடையில் உள்ள காலத்தைச் சொல்லாமலே தாண்டுவது.

நான்கு வண்ணப் பென்சில்களை எடுத்து முதல் இரண்டு அத்தியாயங்களில் பத்திபத்தியாகக் கோடு போடுங்கள். பெரும்பாலும் இரண்டு நோய்களில் ஒன்று தெரியும். தொடக்கம் முழுக்கச் சுருக்கமும் நிறுத்தமுமாக இருக்கும். வாசகர் இன்னும் யாரையும் நேரில் சந்தித்திருக்கமாட்டார். அல்லது எல்லாமே காட்சியாக இருக்கும். சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டாவது நோய்தான் அதிகம். அவர் எழுந்தார், வண்டி ஏறினார், இறங்கினார், மணியை அடித்தார், "யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்... இப்படி ஒன்றையும் விடாமல் எழுதுகிறோம். 'மறுநாள் அவர் அந்த வீட்டில் இருந்தார்' என்று ஒரு வரியில் தாவியிருக்கலாம். தாவல் நாவலாசிரியருக்குச் செலவே இல்லாமல் கிடைக்கும் வேகம். அதைப் பயன்படுத்தக் கூச்சப்படுகிறோம்.

எதைக் காட்சியாக எழுதுவது என்பதற்கு நான் பார்ப்பது இதுதான்: அந்த இடத்துக்குள் நுழையும்போது இருந்த நிலைமை வெளியே வரும்போது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் காட்சி. மாறாவிட்டால் ஒரு வரிச் சுருக்கம், அல்லது தாவல்.

என் பிரதியின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

*நடேசன் ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே மெல்லிய வெயில். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. முப்பத்தொரு ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். பாலங்கள் கட்டுவதில் நல்ல பெயர் எடுத்தவர். மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்கிறார். மகள் ஆற்றுக்கு அக்கரையில் வேலை பார்க்கிறாள். அப்போது தொலைபேசி அடித்தது.*

ஒரு பிழையும் இல்லை. ஒரு கேள்வியும் இல்லை. திருத்திய பிறகு:

*"சார், மூணாவது தூண்ல கோடு விழுந்திருக்கு" என்றான் வேலு.*

*நடேசன் போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே மகள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.*

*"எவ்வளவு அகலம்?"*

*"நகம் போகுது சார்."*

*ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் 'மூணாவது தூண்' என்று கேட்டால் அவருக்கு வயிறு இறுகும். "யார்கிட்டயாவது சொன்னியா?"*

*"உங்ககிட்டதான் முதல்ல."*

*"நான் வர்ற வரைக்கும் சொல்லாத."*

*வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சுத்துவழியாப் போம்மா என்று கத்த வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்குள் அவள் தெருமுனையில் திரும்பிவிட்டாள்.*

நீளம் கூடியிருக்கிறது, கவனியுங்கள். முதல் வடிவத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் படிக்க வேகமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற செய்தி ஒரு வாக்கியத்தின் பாதியில் வந்துபோகிறது. பொறியாளர், நல்ல பெயர், இறந்த மனைவி எல்லாம் இப்போதைக்கு வெளியே நிற்கின்றன. உள்ளே வந்தவை மூன்று கேள்விகள்: அந்தத் தூணில் முன்பு என்ன நடந்தது, ஏன் மறைக்கச் சொல்கிறார், மகள் பத்திரமாகப் போய்ச்சேர்வாளா. மூன்றாவது கேள்விக்கு அடுத்த இரண்டு பக்கத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஐந்தாவது அத்தியாயம் வரை நேரம் இருக்கிறது. முதலாவதுதான் நாவல்.

சிறிய, நடுத்தர, பெரிய கேள்வி என்று இப்படி மூன்று நீளத்தில் வைத்துக்கொள்வது தொடக்கத்துக்கு மிகவும் உதவும். பெரிய கேள்வி ஒன்றை மட்டும் வைத்துவிட்டு எண்பது பக்கம் காக்கவைத்தால் வாசகருக்கு அலுத்துவிடும். சின்னக் கேள்விகளுக்கு அவ்வப்போது பதில் கிடைத்துக்கொண்டே இருந்தால், இவர் சொல்வார், நம்பலாம் என்ற எண்ணம் வருகிறது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் பெரிய கேள்விக்குப் பொறுமை காக்கிறார்.

5. முன்கதையை எப்போது தருவது

வாசகர் கேட்ட பிறகு தாருங்கள். நடேசனுக்கு வயிறு இறுகுவதைப் பார்த்த பிறகு, பழைய கட்டுமான நாட்களைப் பற்றி அரைப்பக்கம் சொன்னால் வாசகர் அதை விழுங்கிவிடுவார். அதற்கு முன்பு சொன்னால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய தகவல்.

ஒவ்வொரு முன்கதைப் பத்தியையும் வெட்டி ஐந்தாவது அத்தியாயத்தில் ஒட்டிப் பாருங்கள். இடையில் ஏதாவது புரியாமல் போகிறதா? என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டுப் பத்திகள் ஒரு சேதமும் இல்லாமல் இடம் மாறிவிடும்.

வேடம் போட்டு வரும் முன்கதையையும் பிடிக்க வேண்டும். "உனக்குத்தான் தெரியுமே, அப்பா போனப்ப நீ எட்டாவது படிச்சிட்டிருந்தே" என்று அக்கா தம்பியிடம் சொல்வது ஒரு வேடம். அவனுக்குத் தெரிந்ததை அவனிடமே அவள் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதையே சண்டையில் குத்திக்காட்டச் சொன்னால் சரியாகிவிடும்: "எட்டாவது படிக்கிறப்பவும் நீ அழல. இப்ப எதுக்கு நடிக்கிற?" தகவல் அதேதான். இப்போது அது கல்லாகி யார்மேலோ போய் விழுகிறது. கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே வர்ணித்துக்கொள்வது, பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்து ஏங்குவது, கனவு கண்டு விழிப்பது ஆகியவையும் இதே கூட்டம். கனவில் தொடங்கும் நாவலை ஒரு பக்கத்துக்கு மேல் பொறுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. முன்கதை கூடாது என்று கேள்விப்பட்டு, யார் பேசுகிறார், எங்கே இருக்கிறார், அவருக்கு இருபது வயதா அறுபதா என்பதைக்கூட மறைத்துவைப்பது. 'அவன்' என்று மூன்று பக்கம் ஓடும். இதில் வாசகருக்கு வருவது ஆவல் இல்லை, குழப்பம். கதைக்குள் இருப்பவருக்கு இயல்பாகத் தெரிந்த அடிப்படை விஷயங்களை வாசகருக்கும் சொல்லிவிடுங்கள். அந்தப் பாத்திரம் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளத் தயங்கும் ஒன்றை மட்டும் பிடித்துவையுங்கள்.

6. பெயர்கள்

முதல் அத்தியாயத்தில் மூன்று அல்லது நான்கு பெயர்களுக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் 'வண்டிக்காரர்', 'பக்கத்து வீட்டு அம்மா' என்றே வந்துபோகட்டும். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்களையும் அருகருகே வைக்காதீர்கள். என் முதல் வரைவில் நடேசன், நடராஜன், நந்தினி மூவரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

7. இரண்டாவது அத்தியாயம் என்னும் பள்ளம்

முதல் அத்தியாயத்தைப் பலரும் பலமுறை திருத்துகிறார்கள். அதனால் அது எப்படியோ தேறிவிடுகிறது. வாசகர் புத்தகத்தைக் கீழே வைப்பது பெரும்பாலும் இரண்டாவதில். காரணம் எளிது. முதல் அத்தியாயத்தை நல்ல பதற்றத்தில் முடித்த எழுத்தாளர், 'சரி, பிடித்துவிட்டேன், இனி எல்லாவற்றையும் விளக்கலாம்' என்று இரண்டாவதில் உட்கார்ந்துவிடுகிறார். விரிசல் விழுந்த பாலத்தை அப்படியே நிறுத்திவிட்டு, நடேசனின் பழைய பணிநாட்களுக்குப் போனவன் நான்.

இரண்டாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே, முதல் அத்தியாயத்தில் எடுத்த ஒரு முடிவுக்கான விலை தெரியவேண்டும். நடேசன் 'சொல்லாத' என்றார். இரண்டாவது தொடங்கும்போது வேலு வேறொருவரிடம் சொல்லிவிட்டிருக்கலாம். அல்லது சொல்லாமல் இருந்ததாலேயே சிக்கலில் மாட்டியிருக்கலாம். முன்கதை வரவேண்டுமென்றால் இந்தச் செயலின் இடுக்கில் வரட்டும்.

பல பாத்திரங்களின் பார்வையில் மாறிமாறிச் சொல்லும் நாவல்களில் பள்ளம் இன்னும் ஆழம். ஒருவரோடு பழகத் தொடங்கிய வாசகரை இழுத்துக்கொண்டுபோய் முன்பின் தெரியாத வேறொருவர் வீட்டில் விடுகிறீர்கள். அவர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. புதிய பாத்திரம் வரும்போது பழைய கேள்வி ஒன்றையும் கையோடு கொண்டுவந்தால் இந்த வலி குறையும். மகளின் பார்வையில் இரண்டாவது அத்தியாயம் வந்தால், அவள் பாலத்தின்மேல் நெரிசலில் நின்றுகொண்டிருக்கட்டும். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அவள் அலுவலகத்தைப் பற்றி நீங்கள் என்ன எழுதினாலும் வாசகர் படிப்பார்.

8. அத்தியாயத்தை எங்கே முடிப்பது

வார இதழ்த் தொடர்கதை நமக்குக் கொடுத்த பழக்கம், ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு முடிச்சில் நிறுத்துவது. அங்கே அதற்கு அவசியம் இருந்தது. ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு வாசகர் திரும்பி வரவேண்டும். டிக்கன்ஸ் 1836இல் மாதப் பகுதிகளாக எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருந்த இடைவெளி ஒரு மாதம். முழுப் புத்தகத்தில் இடைவெளி ஒரு பக்கத் திருப்பல்தான். ஒவ்வொரு முறையும் கதவு தட்டப்பட்டு, நிழல் அசைந்து, 'அங்கே அவர் கண்ட காட்சி...' என்று நின்றால் ஐந்தாவது முறை வாசகர் சிரித்துவிடுவார்.

இரண்டு அத்தியாயத்தை முடிச்சில் நிறுத்தினால், மூன்றாவதை ஒரு முடிவில் நிறுத்துங்கள்: பாத்திரம் ஏதோ ஒன்றைத் தீர்மானித்துவிட்டார், ஆனால் இன்னும் செய்யவில்லை. நான்காவதை ஒரு சிறு அமைதியில் விடலாம். கடைசிப் பத்தியை வெட்டிப்பார்ப்பதும் நல்லது. பல அத்தியாயங்கள் அதற்கு முந்தைய பத்தியிலேயே முடிந்துவிட்டிருக்கும்.

9. பெரிய திருப்பம் எப்போது வரவேண்டும்

நாவலின் கால்பகுதிக்குள் முதல் பெரிய திருப்பம் வரவேண்டும் என்ற கணக்கு திரைக்கதையிலிருந்து வந்தது. ஸிட் ஃபீல்ட் 1979இல் எழுதிய 'ஸ்க்ரீன்ப்ளே' புத்தகம், 120 பக்கத் திரைக்கதையில் முதல் 30 பக்கத்தைத் தொடக்கப் பகுதிக்கு ஒதுக்கியது. 80,000 சொல் நாவலுக்கு இதை அப்படியே போட்டால் 20,000 சொற்கள். வீட்டில் உட்கார்ந்து படிப்பவர், எழுந்து போக வழியில்லாமல் திரையரங்கில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இல்லை. நான் 8,000 முதல் 12,000 சொற்களுக்குள், பாத்திரம் திரும்பிப் போகமுடியாத ஓர் இடத்தைக் கடந்துவிடப் பார்க்கிறேன். இது என் கைக்கணக்கு, விதி இல்லை.

விதி இல்லை என்பதற்கு டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' நாவலே போதும். அன்னா முதல் பாகத்தின் பதினெட்டாவது அத்தியாயத்தில்தான் நேரில் வருகிறாள். ஆனால் இரண்டாவது அத்தியாயத்திலேயே அவள் வருகிறாள் என்று தந்தி வந்துவிடுகிறது. உடைந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டை அவள் வந்து ஒட்டவைப்பாளா என்று அங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஆளை எவ்வளவு தாமதமாக வேண்டுமானாலும் கொண்டுவரலாம், காத்திருப்பதற்குக் காரணத்தை முன்கூட்டியே அனுப்பிவைத்துவிட்டால்.

10. வாக்கியம்

கடைசியில்தான் இதற்கு வரவேண்டும். பலர் இங்கே தொடங்கி, வாக்கியங்களை எல்லாம் நறுக்கி, தந்தி நடையில் ஒரு தொய்வை உண்டாக்கிவிடுகிறார்கள். வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தையும், கண் தானாகத் தாவிப்போகும் இடத்தையும் ஓரத்தில் குறியுங்கள். தாவிய இடத்தை மெருகேற்ற வேண்டாம், எடுத்துவிடுங்கள். வினையெச்சங்களைக் கோத்து 'எழுந்து, நடந்து, திறந்து, பார்த்து' என்று போகும் நீள வாக்கியம் தமிழில் இயல்பாகவே வேகமானது. வினைமுற்றை நோக்கி ஓடும். பதற்றமான இடத்தில் குட்டி வாக்கியங்களைவிட அது பலமுறை நன்றாக வேலை செய்யும்.

11. படிக்கக் கொடுப்பது

மூன்று பேர் போதும். 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள். நல்ல மனதோடு பொய் சொல்வார்கள். படிக்கும்போது எங்கே புத்தகத்தைக் கீழே வைத்தார்களோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். போன் வந்தது, கரண்டு போனது என்று காரணம் எதுவானாலும் கோடு போடட்டும். இருவர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் காரணம் போனில் இல்லை. ஐந்தாவது அத்தியாயம் முடிந்ததும் இன்னொரு கேள்வி: "இனி என்ன தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் கணக்குத்தாளோடு ஒப்பிடுங்கள். நீங்கள் நாவலின் மையம் என்று நினைத்த கேள்வியை மூவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், மூன்றாவது படிக்குத் திரும்பிப் போகவேண்டும்.

என் பிரதியின் இரண்டாவது அத்தியாயம் இப்போது 1,400 சொற்களில் நிற்கிறது. வெட்டிய 2,700இல் ஒரு அறுநூறு, மகள் அப்பாவை நேருக்கு நேர் கேட்கும் ஆறாவது அத்தியாயத்துக்குப் போய்விட்டது. மீதியைத் தூக்கிப்போட மனம் வராமல் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். இதுவரை அதைத் திறக்கவேண்டி வரவில்லை.